ஆலயத்தின் இணையப் பெயர் யார் கையில்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் தோட்ட ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சிறு கடைகளுக்கும் அகப்பக்கம் செய்து கொடுப்பது, இணைப்புக் கோளாறு பார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் புகார்களில் பல, கணினிக் கோளாறே இல்லை. இணையப் பெயர் (டொமைன்) யாருடையது, இணைய முகவரி எண் (ஐபி) யாருடையது என்ற உரிமைச் சிக்கல்கள். நம் ஊரில் இதை யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஓர் ஆலயத்தின் அகப்பக்கம் தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு காணாமல் போனது. பால்குடப் பதிவு, நன்கொடை விவரம் எல்லாம் அதில்தான். விசாரித்தால், .ஓஆர்ஜி என்று முடியும் அந்தப் பெயரை, பக்கத்தை வடிவமைத்தவர் தன் சொந்தப் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் வேலை மாறி ஜொகூர் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாரும் திறக்காத அந்த மின்னஞ்சலில் கிடந்தன. "வருசா வருசம் காசு நாங்கதானே கட்டினோம் தம்பி, பேரு எப்படி அவரோடதாகும்?" என்று கேட்டார் ஆலயத் தலைவர். நியாயமான கேள்விதான். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ரசீது யாரிடம் இருக்கிறது என்று பதிவேடு பார்க்காது.

அந்த ஆலயத்தைக் காப்பாற்றியது ஒரு விதி. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் நினைவூட்ட வேண்டும். பெயரை நீக்கிவிட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் வேறு யாரும் அதை எடுக்க முடியாது. அந்த அவகாசத்தில் வடிவமைத்தவரைத் தொடர்புகொண்டு, மீட்புக் கட்டணம் கட்டி, பதிவை ஆலயத்தின் பெயருக்கே மாற்றினோம். அவரும் மறுக்கவில்லை.

இந்த விதியை எந்த அரசாங்கமும் சட்டமாகப் போடவில்லை. உலக அளவில் இணையப் பெயர்களையும் எண்களையும் ஒருங்கிணைக்கும் ஐகேன் (ICANN) என்னும் அமைப்பில் பல தரப்பினர் உட்கார்ந்து பேசி வகுத்தது. 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு அது. பெயர் விற்கும் நிறுவனங்கள், அரசாங்கங்கள், தொழில்நுட்பர்கள், நம்மைப் போன்ற சாதாரணப் பயனர்கள் என எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. 2016 அக்டோபர் 1 வரை இதன் முக்கிய வேலைகளுக்கு அமெரிக்க வர்த்தகத் துறையின் மேற்பார்வை இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு இந்தத் தரப்புகளிடமே இருக்கிறது. வாக்குரிமையுள்ள 16 இயக்குநர்களில் ஒருவரைப் பயனர் தரப்பு தேர்ந்தெடுக்கிறது. ஒருவர் போதாது என்பது என் கருத்து. ஆனால் அந்த ஒருவருக்குப் பின்னால் ஆள் பலம் இருந்தால் அவர் குரல் எடுபடும். நம் நாட்டின் .எம்ஒய் பெயர்களை மைநிக் பார்த்துக்கொள்கிறது. அதற்கு விதிகள் தனி.

சரி, முகவரி எண்ணுக்கு வருவோம். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண் அது. மளிகைக் கடைக்காரர் ஒருவர் கேமரா மாட்டினார். வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்க்க முடியவில்லை. அவர் கடைக்கென்று தனிப் பொது முகவரி இல்லை என்பதே காரணம். ஒரே முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐபி நான்காம் பதிப்பு என்னும் பழைய முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தாம். உலகத் தொகுப்பில் மிச்சமிருந்தவை 2011 பிப்ரவரி 3இல் பகிர்ந்து முடிந்தன. ஆசிய பசிபிக் பகுதிக்கு எண் வழங்கும் ஏப்நிக், அதற்கப்புறம் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் 1024 முகவரி என்று இறுக்கியது. பின்னர் அதையும் 512 ஆக்கியது. பின்னால் வரும் சிறியவருக்கும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்ற எண்ணத்தில் திறந்த கூட்டங்களில் விவாதித்து எடுத்த முடிவு இது. அந்த விவாதத்தில் பேச உறுப்பினராகக்கூட இருக்க வேண்டியதில்லை. நிரந்தரத் தீர்வு, மிக அதிக முகவரிகள் கொண்ட ஐபி ஆறாம் பதிப்புதான். புதிய மோடம் வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் உறுத்துவது தமிழ் விஷயம். .சிங்கப்பூர், .இலங்கை, .இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே நாட்டுப் பெயர்கள் இணையத்தில் இருக்கின்றன. மலேசியாவுக்கு, ஆங்கில எழுத்தை விட்டால், மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்தில் மட்டும்தான் உண்டு. 2009இல் இந்த வசதி திறந்தபோது, அந்த மொழி நாட்டில் அலுவல் மொழியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் தமிழ் அந்தத் தகுதியோடு இருந்தது, இங்கே இல்லை. இந்த நிபந்தனை சரியா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்க வேண்டிய இடம் ஐகேனின் மேசைதான்.

எழுத்துகளிலும் வேலை இருக்கிறது. 'கௌரி' என்று சரியாகத் தட்டினாலும், எ-கரக் கொம்பும் ள-வும் சேர்த்து 'கெளரி' என்று தட்டினாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. ஒன்றை ஆலயம் வாங்கிவைக்க, மற்றதை மோசடிக்காரன் வாங்கி நன்கொடை வசூலித்தால் என்ன ஆகும்? இணையத்தின் ஆணிவேரில், அதாவது .சிங்கப்பூர் போன்ற கடைசிப் பகுதிப் பெயர்களில், எந்த எழுத்து வரலாம், எவை ஒன்றுபோலத் தெரியும் என்று ஆராய, தமிழ் உட்பட ஒன்பது எழுத்து முறைகளுக்கான தன்னார்வக் குழு ஒன்று ஐகேனில் இயங்கியது. தமிழில் தினமும் தட்டச்சு செய்யும் ஆசிரியர்களுக்கு இந்தக் குழப்பங்கள் அத்துப்படி. அந்த அறிவு அங்கே போய்ச் சேர வேண்டும்.

கூடிப் பேசாமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை 2024 செப்டம்பரில் இங்கேயே பார்த்தோம். இணையப் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரி எண்ணைச் சொல்லும் கூகல், கிளவுட்ஃபிளேர் போன்ற பொதுப் பெயர்ச் சேவைகளுக்குப் போகும் கேள்விகளை உள்ளூர் இணைய நிறுவனங்களின் சேவைக்குத் திருப்பிவிட உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே தொடர்புத் துறை அமைச்சர் நிறுத்தச் சொன்னார். சூதாட்டத் தளங்களைத் தடுப்பது அந்த உத்தரவின் நோக்கம், அதில் எனக்கு மாறுபாடில்லை. முதலில் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. உங்கள் ஆலயம், பள்ளி, சங்கம் வைத்திருக்கும் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நிர்வாகத்தின் பொது மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அடுத்தது கொஞ்சம் பெரிய வேலை. ஐகேன் வரைவுகள் பொதுக் கருத்துக்கு வந்தால் வழக்கமாக 40 நாள் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. அங்கே தமிழில் மொழிபெயர்ப்பு இல்லை என்பது உண்மையான தடை. அதனால் உங்கள் சங்கக் கூட்டத்தில் தமிழிலேயே பேசி முடிவெடுத்து எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதிச் சேர்ப்பிக்கும் வேலையை நான் செய்துதருகிறேன்.