5060 டிஐயா, 9060 எக்ஸ்டியா? அதற்கு முன்னால் பெட்டியின் மூலையைப் பாருங்கள்

ரிச்சி தெருவில் பிசி அசெம்பிள் செய்வதுதான் என் பிழைப்பு. கேம் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்டு வாங்க வருகிற பசங்க கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ நல்லதா, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி நல்லதா? கேள்வியில் தப்பில்லை, ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமலே பணம் கட்டிவிட்டு வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன்.

காலேஜ் இரண்டாம் வருடம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு, கேபினட்டைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்திருந்தான். "அண்ணா, வேற கடையில வாங்கினது, டிஃபெக்ட் பீஸ் கொடுத்துட்டாங்க போல" என்றான். மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். பத்து நிமிடம் கேம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் ஒரு சந்தைக்குள் நுழைந்ததும் சுவர், தரை, ஆட்களின் சட்டை எல்லாம் களிமண்ணில் பிடித்துவைத்தது மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிட்டது, படமும் நாலைந்து நொடிக்கு ஒருதடவை நின்று நின்று நகர்ந்தது. திரையின் ஓரத்தில் ஓடிய எண்களைக் காட்டினேன்: வீரேம், அதாவது கார்டின் சொந்த மெமரி, 8 ஜிபியில் 7.8 நிரம்பியிருந்தது. டெக்ஸ்சரை, அதாவது சுவர், துணி மேல் ஒட்டுகிற படங்களின் தரத்தை, அல்ட்ராவிலிருந்து மீடியத்துக்கு இறக்கினேன், வேறு எதையும் தொடவில்லை. திக்கல் போய்விட்டது. கார்டில் ஒரு குறையும் இல்லை.

பையன் யூடியூபில் நாலைந்து ரிவ்யூ பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறான். பார்த்தது 16 ஜிபி கார்டின் ரிவ்யூ, வாங்கியது 8 ஜிபி. இரண்டுக்கும் பெயர் 5060 டிஐதான், சிப்பும் அதேதான், பெட்டியின் மூலையில் சின்னதாக இருக்கும் அந்த எண் மட்டும்தான் வேறு. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் இதற்கு வைத்த விலை 8 ஜிபிக்கு 379 டாலர், 16 ஜிபிக்கு 429. ஜூனில் வந்த 9060 எக்ஸ்டியும் அதே வேலையைத்தான் செய்தது: 299, 349. வெளியான நேரத்தில் ரிவ்யூ செய்கிறவர்கள் கைக்குப் பெரும்பாலும் 16 ஜிபிதான் போனது. இது தற்செயல் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு இன்னொரு இடத்திலும் அடி விழுந்திருந்தது. வீரேம் நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கார்டு உங்கள் சாதாரண ரேமில் போய்த்தான் வைக்கும், தேவைப்படும்போது மதர்போர்டு வழியாக இழுத்துக்கொள்ளும். 5060 டிஐயின் சொந்த மெமரி நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் ஓடுகிறது. ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு எட்டு லேன், அதாவது டேட்டா போகிற எட்டுத் தடம் மட்டும்தான். இவனிடம் இருந்தது பி550 போர்டு, அது பிசிஐஇ (கார்டைப் போர்டோடு இணைக்கிற பாதை) 4.0 கொடுக்கும், சரி; ஆனால் ப்ராசஸர் ரைசன் 5600ஜி, அது 3.0க்கு மேல் போகாது. ஆக எட்டு லேனில் நொடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிபி. நாலுவழிச் சாலையில் பறந்துவந்த லாரி ஒத்தையடிப் பாதையில் இறங்கின கதைதான். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன் இருப்பதால் பழைய போர்டில் அதற்கு இந்த வலி பாதிதான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 16க்கு 16 வைத்துப் பார்த்தால் 5060 டிஐ கொஞ்சம் வேகம் கூடுதல், ரே டிரேசிங்கை (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடுவது) கனமாகப் போட்டால் இன்னும் முன்னால் போகும். ஆனால் வெளியான விலையில் இரண்டு 16 ஜிபி கார்டுகளுக்கும் இடையே இருந்த 80 டாலர் வித்தியாசம் இங்கே 18 சதவீத ஜிஎஸ்டியும் டீலர் லாபமும் ஏறி வந்தபோது ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்குகிற காசாக இருந்தது. முன்பெல்லாம் சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டுகிற ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் போட்டால் படம் மங்கலாக இருக்கும், அதே வேலைக்கு அங்கே டிஎல்எஸ்எஸ் இருக்கிறதே என்று நானே என்விடியா பக்கம் தள்ளிவிடுவேன். எஃப்எஸ்ஆர் 4 வந்தபிறகு அந்த இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது. அதனால் கேம் மட்டும் ஆடுகிறவருக்கு என் ஓட்டு 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்குத்தான். பிளெண்டர் என்கிற 3டி சாஃப்ட்வேரில் வேலை செய்கிறவர், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் என்றால் பேச்சே வேறு, 5060 டிஐ வாங்குங்கள். இப்போதைய கேமராக்களின் நிற விவரம் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 வீடியோவை ஹார்டுவேரிலேயே விரிக்கிறது, டைம்லைன் முக்காமல் ஓடும். வேலரன்ட், சிஎஸ் 2 மாதிரி லேசான கேம் தவிர வேறு தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறவருக்கு 8 ஜிபியே போதும். அந்தச் சத்தியத்தை யாரும் ஆறு மாதம் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

பிசிக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரே வார்த்தை: 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 160 வாட், 5060 டிஐக்கு 180. இரண்டுமே அடக்கமானவைதான், ஆனால் கேபினட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத டப்பாவில் மாட்டாதீர்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: டெக்ஸ்சரை மீடியத்தில் வைத்து ஆடு, 5600ஜியை விற்றுவிட்டு ஜி இல்லாத 5600 போடு, 4.0 பாதை கிடைக்கும், போர்டு தாங்கும். கார்டை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமா என்றார் அப்பா. பில்லை வாங்கிப் பார்த்தேன். ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று எழுதியிருந்தது. மாடல் இல்லை, ஜிபி இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

"பெட்டியில 8னு போட்டிருந்துச்சு சார்" என்றார் அவர். "அது கம்மின்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"