கல்லீரல் புற்றுநோய்: சிகிச்சைக்கு அப்புறம் எடுக்கும் ஸ்கேனும் முதலமைச்சர் காப்பீடும்

மாமாவின் கல்லீரல் கட்டிக்கு டேஸ் (TACE) என்ற, ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சை செய்து ஐந்தாவது வாரம். ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மாமி முதலில் தேடியது கட்டியின் அளவைத்தான். சிகிச்சைக்கு முன்னால் 6 சென்டிமீட்டர் இருந்தது. இப்போது 6.2 என்று போட்டிருந்தது. "குறையவே இல்லையே, கூடித்தானே இருக்கு" என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே போனபோது டாக்டர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, குறுந்தகட்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். "அம்மா, கட்டி அங்கேயேதான் இருக்கு. ஆனா பாதிக்கு மேல செத்துப்போச்சு. நல்ல ரிசல்ட்தான் இது" என்றார்.

மாமாவோடு ஒன்றரை வருடம் அலைந்ததில் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுத்த பிறகு எடுக்கிற ஸ்கேனில் டாக்டர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது. இன்னொன்று, அந்த ஸ்கேனை முதலமைச்சர் காப்பீட்டில் எப்படிக் கேட்டு வாங்குவது என்பது. முதலாவது தெரியாமல் போனால் இரண்டாவதில் தப்பான ஸ்கேனுக்கு அனுமதி வாங்கிவிடுவோம். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

டேஸ் என்றால், தொடை இடுக்கு வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் மருந்தைச் செலுத்தி, அந்தத் தமனியையே அடைத்துவிடுவது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத பலருக்கு இதுதான் வழி. இது ஏன் வேலை செய்கிறது என்றால், கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. நல்ல கல்லீரல் திசு தனக்கு வேண்டியதில் முக்கால்வாசியைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையில் எடுத்துக்கொள்கிறது. புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே குடித்து வளர்கிறது. தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், நல்ல திசு பிழைத்துக்கொள்ளும்.

ஸ்கேனும் இதே வித்தியாசத்தை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறது. கையில் கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படத்தில் ரத்தம் ஓடும் இடத்தைப் பளிச்சென்று காட்டும் மருந்து, போட்டதும் நேரம் பார்த்துப் பல தடவை படம் எடுப்பார்கள். சுமார் 30 வினாடியில் மருந்து தமனியில் ஓடும். அப்போது உயிரோடு இருக்கும் கட்டி பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடம் தாண்டியதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரல் முழுக்க வெளுக்கும். 3 நிமிடத்துக்கு மேல் கடைசிப் படம். அதற்குள் கட்டியிலிருந்து மருந்து வடிந்து, சுற்றியுள்ள திசுவைவிடக் கறுப்பாகிவிடும். இதைத்தான் ட்ரைஃபேசிக் சிடி என்கிறார்கள். செத்த பகுதி இந்த மூன்றிலும் வெளுக்காமல் அப்படியே கிடக்கும்.

இப்போது மாமியின் 6.2 சென்டிமீட்டருக்கு வருவோம். பொதுவாகப் புற்றுநோய்க் கட்டிகளை அளக்க ரெசிஸ்ட் என்ற விதிமுறை உண்டு. அது கட்டியின் மொத்த நீளத்தைப் பார்க்கும். டேஸ், ரேடியோ அலையால் சுடும் அப்லேஷன் மாதிரியான சிகிச்சையில் கட்டி சுருங்குவதற்கு முன்னாலேயே செத்துப்போகிறது. பழைய அளவுகோலில் இது 'மாற்றமில்லை' என்றாகிவிடும். அதனால் 2010-ல் கல்லீரலுக்கென்று எம்-ரெசிஸ்ட் என்ற திருத்திய முறை வந்தது. இதில் தமனிப் படத்தில் வெளுக்கிற, அதாவது உயிரோடு இருக்கிற பகுதியை மட்டும் அளப்பார்கள். 6 சென்டிமீட்டர் கட்டியில் வெளுக்கும் பகுதி 2.5 சென்டிமீட்டர்தான் மிச்சம் என்றால், அது பாதிக்கு மேல் குறைவு. 30 சதவீதமாவது குறைந்தால் பகுதி பலன். வெளுப்பு எங்கேயுமே இல்லை என்றால், கட்டியின் உருவம் அங்கே இருந்தாலும் முழுப் பலன். 20 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ, புதுக் கட்டி முளைத்தாலோ நோய் முன்னேறியிருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் 'ஆர்ட்டீரியல் என்ஹான்ஸ்மென்ட்' (தமனிப் படத்தில் தெரியும் வெளுப்பு) என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள். அளவு அதற்கு அப்புறம்தான்.

சரி, இந்த ஸ்கேனுக்கு யார் பணம் கொடுப்பது?

தமிழ்நாட்டில் 2012 ஜனவரி 11-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. 2018 செப்டம்பரில் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இதை இணைத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, கையில் பணம் கட்டாமல் சிகிச்சை. வருட வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. 2022-ல் 1,20,000 ஆக உயர்த்தினார்கள். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்த வருமான வரம்பே கிடையாது. பல பேருக்கு இது தெரியாமல் இருக்கிறது, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

டேஸுக்கு அனுமதி வாங்குவதில் பெரிய சிரமம் இருக்காது. ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் உள்ளவர்களே முந்தைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் குறிப்பு எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி வாங்கிவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. ஆயுஷ்மான் விதிப்படி, டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 நாள் வரையிலான மருந்தும் பரிசோதனையும் அந்தச் சிகிச்சைக்கான தொகைக்குள்ளேயே அடங்கும். ஆனால் டேஸ் பலித்ததா என்று பார்க்கும் ஸ்கேனை 15 நாளுக்குள் எடுத்துப் பிரயோஜனம் இல்லை. வீக்கமெல்லாம் அடங்க வேண்டும். 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். அப்புறம் பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் விழுந்துவிடுகின்றன. "டேஸ் ஃப்ரீயா முடிஞ்சிருச்சு, ஸ்கேன் வெளியில எடுத்துக்கங்க" என்று சொல்லக் கேட்டு, ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று பயந்து, வராமலேயே இருந்துவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் உயிருள்ள பகுதி அந்த மாதங்களில் வளர்ந்துகொண்டே இருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஸ்கேன் இல்லாமல் டேஸ் பாதிச் சிகிச்சைதான்.

முதலமைச்சர் திட்டத்தில் சிகிச்சைகளுக்கு ஒரு பட்டியல் இருப்பதுபோல, நோயறியும் பரிசோதனைகளுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. அதனால் டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கே, வீட்டுக்குக் கிளம்பும் முன்னால், கவுன்ட்டரில் நேராகக் கேளுங்கள்: "அஞ்சாவது வாரம் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க, அது எந்தப் பெயர்ல அப்ரூவல் ஆகும், எங்க எடுக்கணும்?" திட்டத்தில் சேர்ந்த எல்லா ஆஸ்பத்திரியும் எல்லாப் பரிசோதனையும் செய்ய அங்கீகாரம் பெற்றிருக்காது. அங்கே முடியாது என்றால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ போகலாம். அரசு ஆஸ்பத்திரி வளாகங்களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் சிடி, எம்ஆர்ஐ மையங்கள் நடத்துகிறது. அட்டை இல்லாமல் பணம் கட்டினாலும் வெளியில் கேட்பதைவிட அங்கே பல மடங்கு குறைவு. வருடம் முழுக்க ஸ்கேன் தேவைப்படும் என்பதால், 5 லட்சத்தில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். அந்தத் தொகை முழுக் குடும்பத்துக்கும் பொது.

எங்களுக்கு நேர்ந்த தப்பைச் சொல்கிறேன். இரண்டாவது டேஸுக்கு அப்புறம், சீட்டில் 'கான்ட்ராஸ்ட் சிடி, வயிறு' என்று மட்டும் எழுதியிருந்தது. ஸ்கேன் மையத்தில் ஊசி போட்டு, ஒரே ஒரு கட்டத்தில் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். டாக்டர் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார், திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார், "இதுல ஆர்ட்டீரியல் ஃபேஸ் எங்க?" என்று கேட்டார். இல்லை. அது இல்லாமல் எது உயிரோடு இருக்கிறது என்று சொல்லவே முடியாது. கான்ட்ராஸ்ட் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால் உடனே மறுபடி எடுக்கவும் யோசித்தார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, திரும்ப அனுமதி வாங்கி, மூன்று வாரம் போய்விட்டது. சீட்டில் 'ட்ரைஃபேசிக், கல்லீரல், டேஸுக்குப் பிந்தைய மதிப்பீடு' என்ற மூன்றும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டேஸில் மருந்தோடு லிப்பியோடால் என்ற எண்ணெய் கலப்பது உண்டு. அது சிடியில் வெள்ளையாகத் தெரியும், அந்த வெள்ளைக்குப் பின்னால் உயிருள்ள பகுதி ஒளிந்துகொள்ளலாம். அப்போது டாக்டர் எம்ஆர்ஐ கேட்பார். அது ஆடம்பரம் இல்லை, அந்தக் காரணத்தைக் குறிப்பிலேயே எழுதித் தரச் சொன்னால் அனுமதிக்கு உதவும். நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் "பெட் ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடுமே" என்று கடன் வாங்கி எடுக்கிறார்கள். கல்லீரலிலேயே தொடங்கும் இந்தக் கல்லீரல் செல் புற்றுநோயில் வழக்கமான பெட் ஸ்கேனுக்குச் சிக்காத கட்டிகள் நிறைய. டாக்டர் சொன்னால் ஒழிய அந்தச் செலவு வேண்டாம்.

அப்லேஷன் செய்தவர்களுக்கு, சுட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக வெளுப்பு கொஞ்ச காலம் தெரியலாம். அது புண் ஆறுவது. கதிரியக்க மணிகளைச் செலுத்தும் சிகிச்சையில் வெளுப்பு மறையவே சில மாதம் ஆகும். இரண்டிலும் முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த ஸ்கேன்களை விடக்கூடாது. கல்லீரல் மாற்று அறுவைக்குத் தகுதியா என்பதைப் பெரும்பாலும் படங்கள்தான் முடிவு செய்கின்றன. 1996-லிருந்து புழக்கத்தில் இருக்கும் மிலான் அளவுகோல்படி, ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக் குழாய்க்குள் நோய் நுழையாமல் இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் கட்டியை அடக்கி வைக்கவும் டேஸ் செய்வார்கள். மாற்று அறுவைக்கு 5 லட்சம் போதாது என்பதால், அதற்கு மேல் ஆகும் செலவுக்கு இந்தத் திட்டத்திலேயே தனித் தொகுப்பு நிதி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சென்னை ஸ்டான்லி இந்தத் துறையில் பேர் பெற்றது.

அனுமதி கிடைத்த சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ யாராவது தனியாகப் பணம் கேட்டால், கொடுக்க வேண்டியதில்லை. ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் அட்டை எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம், கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஒரு ஸ்கேன் மறுக்கப்பட்டால் என்ன காரணம் என்று எழுத்தில் வாங்குங்கள். பல நேரம் ஒரு பழைய ரிப்போர்ட் சேர்க்காததுதான் காரணமாக இருக்கும்.

பழைய ரிப்போர்ட் என்றதும் ஒன்று. டாக்டருக்கு வேண்டியது இன்றைய படத்தோடு போன தடவைப் படமும்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிது என்று தெரியும். மாமி ஒரு மஞ்சள் துணிப்பையில் ஒவ்வொரு குறுந்தகட்டின் மேலும் தேதியும், 'டேஸ் முன்', 'டேஸ் பின்' என்று மார்க்கரில் எழுதி அடுக்கி வைத்திருக்கிறார். போன மாதம் புது டாக்டரைப் பார்க்கப் போனபோது, அவர் கேட்டது நான்காவது தகடு. மாமி பார்க்காமலேயே கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.