மார்க்குக்குப் பக்கத்தில் என்ன எழுதுவது?

யூனிட் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்ததும் மாணவர் பார்ப்பது தன் மார்க்கை, பிறகு பக்கத்து பெஞ்சின் மார்க்கை. சிவப்பு மையில் எழுதிய குறிப்பைப் படிக்காமலே பேப்பர் பைக்குள் போய்விடும். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற கல்வி ஆய்வாளர் 5, 6-ஆம் வகுப்பு மாணவர்களிடம் ஆய்வு செய்து 1988-இல் வெளியிட்ட முடிவு இது: குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள்; மார்க்கோடு சேர்த்துக் குறிப்பும் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். 1996-இல் க்ளூகர், டெனிஸி என்ற இரு ஆய்வாளர்கள் பின்னூட்டம் (செய்த வேலையைப் பற்றி ஒருவருக்குச் சொல்லும் கருத்து) பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் அது செயல்திறனைக் குறைத்தே இருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ புத்திசாலி’ என்ற பாராட்டும் அங்கேதான் இழுத்துச் செல்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறாள் ஒரு மாணவி. அடித்துவிட்டு 5/6 என்று எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள், அவ்வளவுதான். ‘கவனமாகப் போடு’ என்பதும் வீண்; அவள் கவனமாகத்தான் போட்டிருக்கிறாள். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்ட வேண்டும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையைத்தான் தொட வேண்டும்: ‘2/5 பெரியதா, 1/2 பெரியதா? பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா?’ இந்தக் கேள்வி அடுத்த கணக்கையும் அவளே சரிபார்க்கும் வழியைத் தருகிறது. இரண்டில் எது பெரியது என்றே தெரியவில்லையா? 30 செ.மீ. காகிதப் பட்டை போதும். பாதி 15, மூன்றில் ஒன்று 10, சேர்த்தால் 25 செ.மீ.; அவள் எழுதிய 2/5 வெறும் 12 செ.மீ.

அறிவியலிலும் இதே வழிதான். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே அரும்பும் நீர் உள்ளிருந்து கசிந்தது என்று மாணவர் எழுதினால், டம்ளரில் சில்லென்ற ரோஸ்மில்க்கை ஊற்றி வைக்கச் சொல்லுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சில நிமிடங்களில் வெளியே துளிகள் படியும், நிறமில்லாமல்.

ஒரு பேப்பருக்கு 3 நிமிடம் என்றாலும் 40 பேருக்கு 2 மணி நேரம். எல்லார் பேப்பரிலும் எழுத வேண்டியதில்லை. திருத்தும்போதே ஒரே வகைத் தவறுகளை ஒரே அடுக்காகப் பிரித்து வையுங்கள். பெரும்பாலும் சில அடுக்குகளில் முடிந்துவிடும். அடுக்குக்கு ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பின் முதல் 15 நிமிடத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். இந்த 15 நிமிடத்தை விட்டால் மற்ற உழைப்பெல்லாம் பாழ். மார்க்கை அதற்குப் பிறகு சொன்னால் போதும். ‘கையெழுத்து வாங்கி வா’ என்று அனுப்பினால் கையெழுத்து மட்டுமே வரும்.

ஒரு வாரம் கழித்து 1/4 + 2/3 கொடுங்கள். 11/12 வந்தால் சரி. 3/7 என்று எழுதி, அது 2/3-ஐ விடக் குறைவு என்பதும் கண்ணில் படவில்லை என்றால், கேள்வி மட்டும் போதாது. காகிதப் பட்டையை எடுங்கள்.