அப்பன் ரத்தம்னு சொல்றதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு அம்மா 14 வயசு பையன கூட்டிட்டு வந்தாங்க (அடையாளம் தெரியாம இருக்க சில விவரத்த மாத்திருக்கேன்). கூடப் படிக்கிற ஒரு பையனோட மண்டைய இவன் ஒடச்சுட்டான், ஸ்கூல்ல டிசி குடுத்துடுவோங்கறாங்க. பையன வெளிய உக்கார வெச்சுட்டு மெதுவா கேட்டாங்க, "மேடம், இவங்கப்பா அடிதடி கேஸ்ல உள்ள இருக்காரு, அந்த ரத்தம்தான் இவனுக்கும் ஓடுதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க, அதுக்கு டெஸ்ட் ஏதும் இருக்கா?"

அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. அதுக்காக ஜீனுக்கும் ஆவேசத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னும் சொல்ல மாட்டேன், அது பொய். மூளைல செரட்டோனின், டோபமைன் மாதிரி கெமிக்கல்ஸ ஒடைக்கிற எம்ஏஓஏன்னு ஒரு என்சைம் இருக்கு, சிலருக்கு அந்த ஜீன் கொஞ்சம் மந்தமா வேலை செய்யும். நியூசிலாந்துல டனிடின்ங்கற ஊர்ல 1972-73ல பொறந்த குழந்தைங்கள வருஷக்கணக்கா விடாம கவனிச்சு 2002ல ரிசல்ட் சொன்னாங்க, 442 ஆம்பளைங்கள்ல 163 பேருக்கு அந்த மந்தமான வகை, அதுலயும் சின்ன வயசுல அடி உதைன்னு கொடுமைய அனுபவிச்சவங்கதான் பின்னாடி வன்முறை பக்கம் ரொம்ப அதிகமா போயிருந்தாங்க, அதே ஜீனோட நல்லபடியா வளந்தவங்க மத்தவங்கள மாதிரிதான் இருந்தாங்க. அப்புறம் வந்த ஆராய்ச்சி எல்லாத்துலயும் இது இதே அளவுக்குத் தெரியல.

முக்கியமா, அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, பையனுக்கு எக்ஸ் வர்றது அம்மாகிட்டேருந்துதான், அப்பாகிட்டேருந்து இல்ல. அம்மா மேல பழி போட இத சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க.

ரத்தத்துலயே குற்றம் இருக்குன்னு நம்புனதோட வெல நம்ம ஊருக்குத் தெரியும். சில சமூகத்துல பொறந்தாலே குற்றவாளிதான்னு முத்திர குத்தி 1871ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு, 1920ல மதுரை பக்கம் பெருங்காமநல்லூர்ல அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன ஜனங்கள சுட்டே கொன்னாங்க. இன்னிக்கும் ஒரு பிள்ளைய பாத்து அதே வார்த்தைய சொல்றப்ப எனக்கு வயிறு எரியுது.

அந்த அம்மாகிட்ட நான் திருப்பிக் கேட்டது ரெண்டே கேள்வி. இவன யாராவது அடிப்பாங்களா? தலைல அடிபட்டு எப்பவாச்சும் மயங்கி விழுந்தானா? கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அஞ்சு வயசுலேருந்து பெல்ட்டடியாம், ஒரு தடவ சுவத்துல மோதி நெனவு தப்பியிருக்கு, ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. நியூராலஜிஸ்ட்டுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தேன், ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயும் பேசிருக்கேன். அடுத்த வாரம் வர்றப்ப பாட்டியையும் கூட்டிட்டு வரச் சொல்லிருக்கேன்.