நிரப்பு மருத்துவம்: சொல் விளக்கம்

நிரப்பு மருத்துவம் என்பது, வைத்தியசாலையில் பெறும் சிகிச்சையை விடாமல் அதனோடு சேர்த்து ஒருவர் கைக்கொள்ளும் பிற மருத்துவ முறைகளைக் குறிக்கும் கலைச்சொல். ஆங்கிலத்தில் ‘கொம்பிளிமென்ரரி மெடிசின்’ என்பதற்கு ஈடாக இது ஆளப்படுகிறது. அந்த ஆங்கிலச் சொல் ‘கொம்பிளேரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நிறைத்தல், முழுமையாக்குதல் என்பது அதன் பொருள்.

பாடசாலைக் கணிதத்தில் நிரப்புக் கோணம் படித்தவர்களுக்கு இச்சொல் புதிதன்று. 35 பாகைக்கு 55 பாகை நிரப்புக் கோணம். இரண்டும் சேர்ந்தால்தான் 90 பாகை. ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மற்றதை வைத்தால் செங்கோணம் கிடைக்காது. மருத்துவத்திலும் இதே பொருளைக் கண்டிப்பாகப் பேண வேண்டும் என்பது என் கருத்து. குளிசையோடு கஷாயமும் குடித்தால் அது நிரப்பு. குளிசையை நிறுத்திவிட்டுக் கஷாயம் மட்டும் குடித்தால் அது மாற்று மருத்துவம். ‘துணை மருத்துவம்’ என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் இலங்கையில் துணை மருத்துவ சேவை என்றால் மருந்தாளர், கதிர்ப்படப்பிடிப்பாளர் போன்றோரின் பணியையே அது குறிப்பதால், அந்தச் சொல் இங்கே குழப்பத்தைத்தான் தரும்.

நிரப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பழம்பொருளும் உண்டு. “இன்றும் வருவது கொல்லோ நெருநலும் கொன்றது போலும் நிரப்பு” என்னும் 1048ஆம் குறளில் நிரப்பு என்பது வறுமை. இந்தப் பொருள் வழக்கொழிந்துவிட்டது. ஆயினும் 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியபின் வன்னியில் நடந்தவற்றை நினைக்கும்போது எனக்கு அந்தக் குறளே முன்னே வருகிறது. சலரோகத்துக்கும் பிறசருக்கும் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போய் மருந்தெடுத்தவர்கள், பேருந்து ஓடாத நிலையில், நகரத்து வைத்தியசாலைக்கு எப்படிப் போவதென்று அறியாமல் உள்ளூர்களில் முடங்கினார்கள். தபால் வழியாகவும் சுகாதார ஊழியர் வழியாகவும் வீட்டுக்கே மருந்து அனுப்பும் ஏற்பாடு பிறகு வந்தது. அதற்கு முன்னரே குளிசை முடிந்துபோய்ப் பாவற்காய்ச் சாற்றைக் குடித்து நாளைக் கடத்தியவர், கலைச்சொல்லின் பொருளில் நிரப்பு மருத்துவம் செய்தவர் அல்லர். வள்ளுவர் சொன்ன நிரப்பில் அகப்பட்டவர். இந்த இரு நிலையையும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி.

இச்சொல்லின் பொருள் ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2014–2023 காலப்பகுதிக்கு வகுத்த மூலோபாயத்தின்படி, ஒரு நாட்டின் சொந்த மரபைச் சேராததும், அந்நாட்டின் முதன்மை மருத்துவத்தில் முழுமையாக இணையாததுமான முறையே நிரப்பு மருத்துவம்; நாட்டின் சொந்த மரபில் வந்தது பாரம்பரிய மருத்துவம். அவ்வாறு பார்த்தால் சித்த மருத்துவம் ஐரோப்பாவில் நிரப்பு மருத்துவம், முல்லைத்தீவில் பாரம்பரிய மருத்துவம். இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தன்னுள் அடக்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. ஆகவே வன்னியைப் பற்றி எழுதும்போது முறையின் பெயராகப் பாரம்பரிய மருத்துவம் என்பதையும், அதைக் குளிசையோடு சேர்த்துப் பயன்படுத்தும் செயலுக்கு நிரப்புப் பயன்பாடு என்பதையும் ஆள்வது திருத்தமானது.

மக்களிடம் இருக்கும் சொல்லோ கைமருந்து. தருமபுரத்தில் இருக்கும் என் பெரியம்மா, சலரோகமும் பிறசரும் உள்ளவர், கொரோனாக் காலம் முழுவதும் கொத்தமல்லி, வேர்க்கொம்பு, மிளகு, அதிமதுரம் ஆகிய நான்கையும் தட்டிப்போட்டு, மூன்று சுண்டு தண்ணீர் ஒரு சுண்டாக வற்றும்வரை அவித்து, காலையும் மாலையும் குடித்தார். நொச்சியிலை போட்டு வேதும் பிடித்தார். குளிசையை ஒருநாளும் விடவில்லை. இது நிரப்புப் பயன்பாட்டுக்குச் சரியான எடுத்துக்காட்டு. ஆனால் கிளினிக்கில், “வேறு மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?” என்று கேட்டபோது அவர் இல்லை என்றே சொன்னார். வீட்டுக்கு வந்தபின் நான் காரணம் கேட்டேன். “அது மருந்தே பிள்ளை? மல்லித்தண்ணியெல்லே,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சித்தத்தில் அவித்து வற்றவைத்த மருந்துக்கே ‘குடிநீர்’ என்றுதான் பெயர். தண்ணீரை மருந்தாக எண்ணாதவருக்குக் கேள்வி போய்ச் சேரவில்லை.

இதில் உள்ள ஆபத்து சிறியதன்று. அதிமதுரம் தொடர்ந்து உட்கொள்ளப்பட்டால் உடலில் உப்பைத் தேக்கி, பொற்றாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிறசர்க் குளிசையின் வேலையை அது எதிர்த்து நிற்கும். பாவற்காய்ச் சாறு சலரோகக் குளிசையோடு சேரும்போது சீனி அளவு மிகவும் இறங்கலாம். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும்: ஆடுதீண்டாப்பாளை, ஈச்சுரமூலி ஆகியவற்றின் இனத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது, 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை உட்கொண்ட பெண்களிடம் வெளிப்பட்டது.

அடுத்த முறை நான் கூடப் போயிருந்தேன். தாதியிடம் நானே சொன்னேன், அவர் பெரியம்மாவின் பக்கம் திரும்பி, “அம்மா, வீட்டில என்னென்ன அவிச்சுக் குடிக்கிறனீங்கள்?” என்று கேட்டார். பெரியம்மா விரல்விட்டு நான்கையும் எண்ணினார். கிளினிக் கொப்பியின் ஓரத்தில் நான்கும் எழுதப்பட்டன. வைத்தியர் பார்த்துவிட்டு, அதிமதுரத்தை மட்டும் வெட்டினார்.