கையெழுத்து வாங்குறதுக்குப் பேரு பங்கேற்பு இல்லீங்க

போன வாரம் இன்னொரு ப்ராஜக்ட் அறிக்கை ரிவ்யூவுக்கு வந்துச்சு. "விவசாயிகள் பங்கேற்புடன் நடத்தப்பட்ட ஆய்வு"ன்னு அட்டையிலயே போட்டிருக்கு. உள்ள தேடிப் பாத்தா அதுக்கு ஆதாரம்னு இருக்கிறது ஒரு வருகைப் பதிவேடும் ஒரு குரூப் போட்டோவும்தான். எந்த ரகம், எவ்ளோ இடைவெளி, எதை அளக்கணும், எல்லாத்தையும் ஆராய்ச்சி நிலையத்துல உக்காந்தே முடிவு பண்ணிட்டாங்க, வயல் மட்டும்தான் விவசாயியோடது. இந்த மாதிரி அறிக்கைய எண்ணுறதையே விட்டுட்டேன்.

1989லயே ஸ்டீபன் பிக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் விவசாயி பங்கேற்ப நாலு படியா பிரிச்சு எழுதிட்டாரு: நிலத்த மட்டும் வாங்கிக்கிறது, கருத்து கேட்டுட்டு முடிவ நாமளே எடுக்குறது, சேர்ந்து வேலை செய்றது, விவசாயி தானா செஞ்சிட்டிருக்குற சோதனைக்கு நாம துணை நிக்கிறது. ஆய்வாளர்களான நம்மள்ல நெறைய பேர் முதல் படியில நின்னுக்கிட்டு நாலாவது படியோட பேர போட்டுக்கிறோம்.

புது ரகத்த விவசாயிகள் எடுத்துக்கலன்னா அறிக்கையில எழுதுற ஒரே வரிக்குத்தான் எனக்கு ரொம்ப கோவம் வரும்: "விழிப்புணர்வு இல்லாததால் விவசாயிகள் ஏற்கவில்லை." யாருக்குங்க விழிப்புணர்வு இல்ல? புது விதை கெடைச்சா வரப்போரமா ரெண்டு வரிசை போட்டுப் பாக்காத விவசாயி ரொம்பக் கம்மி, அவங்க பாத்துட்டுதான் வேணாம்னு விடுறாங்க. தட்டை குட்டையா இருந்தா மாட்டுக்குத் தீவனம் பத்தாது, சுத்தி இருக்குற வயலுக்கு முன்னாடி இது மட்டும் விளைஞ்சா அத்தனை குருவியும் இங்கதான் இறங்கும், ஆள் கிடைக்காத நேரத்துல அறுவடைக்கு வந்தா உதிர்ந்து போகும், நிறம் மாறினா வியாபாரி விலைய குறைப்பாரு. இதுல எது அறியாமை? நாம கேக்காத கேள்விக்கு அவங்க பதில் வெச்சிருக்காங்க, அவ்ளோதான்.

ஒரு சோள சோதனை வயல்ல ஒரு அம்மா கதிரையே பாக்கல. தட்டைய ஒடிச்சு நுனிய மென்னு பாத்தாங்க, அப்புறம் ரெண்டு மணிய கடிச்சுப் பாத்துட்டு நேரா நாலாவது பாத்திக்குப் போய் நின்னாங்க. எங்க மார்க் ஷீட்ல மகசூல், உயரம், பூக்குற நாள் இருந்துச்சு, தட்டையோட இனிப்புக்கு ஒரு கட்டமே இல்ல. மகசூல்ல அந்த ரகம் மூணாவது இடம், நாங்க தள்ளிட்டோம். அது நாங்க செஞ்ச தப்பு.

வேற மாதிரி செஞ்சவங்களும் இருக்காங்க. ஆப்பிரிக்காவுல ருவாண்டாவுல 1980கள் கடைசியில பீன்ஸ் ஆராய்ச்சியில அனுபவமுள்ள பெண் விவசாயிகளையே நிலையத்துக்குள்ள கூப்பிட்டு ரகம் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. இந்தோனேசியாவுல நெல்லுல புகையான் பூச்சி அடிச்சு நாசம் பண்ணப்போ 1989ல வயல்வெளிப் பள்ளி ஆரம்பிச்சாங்க, விவசாயிகளே வாராவாரம் வயல்ல இறங்கி பூச்சியையும் அத திங்குற சிலந்தியையும் எண்ணிட்டு, மருந்து வேணுமா வேணாமான்னு அவங்களே முடிவெடுத்தாங்க.

"விவசாயிகிட்ட விட்டா டேட்டா கெட்டுப்போகும் சார்"னு இளம் ஆய்வாளர்கள் சொல்றாங்க. கெடாது. மலாவியில செஞ்ச தாய்-சேய் சோதனைய படிங்க, நடுவுல ஒரு முழு சோதனை, சுத்தி விவசாயிகள் வயல்ல சின்னச் சின்ன சோதனை. ட்ரைகாட் முறையில ஒருத்தருக்கு மூணே ரகம், பேரு மறைச்சு குடுத்து எது நல்லது எது மோசம்னு மட்டும் கேக்குறாங்க. நூத்துக்கணக்கான பதில் சேர்ந்தா புள்ளியியல் தாராளமா நிக்கும்.

தயவுசெஞ்சு இத மட்டும் செய்ங்க. ப்ரபோசல் எழுதுறதுக்கு முன்னாடி போங்க, நிதி வந்த பிறகு போகாதீங்க. ஊர்த் தலைவர் கூட்டிட்டு வர்ற நாலு பேரோட நிறுத்தாதீங்க, நாத்து நடுறவங்க, குத்தகைக்காரர், மில்காரர், விதை விக்கிறவர் எல்லாரும் வேணும். பெண்கள தனியா, அவங்களுக்கு தோதான நேரத்துல கேளுங்க, ஆம்பளைங்க முன்னாடி கேட்டா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. மார்க் ஷீட்ல ரெண்டு கட்டம் காலியா விடுங்க, அத அவங்க நிரப்பட்டும். சோதனையில பயிர் போச்சுன்னா நட்டத்துக்கு யார் பொறுப்புன்னு விதைக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுங்க, இத ஏன் இன்னும் சொல்லிட்டிருக்க வேண்டியிருக்குன்னு எனக்குப் புரியல.

அடுத்த விதைப்புக்கு முன்னாடி முடிவ நேர்ல கொண்டுபோய் சொல்லுங்க. தோத்த ரகத்தையும் சேர்த்து சொல்லுங்க, அவங்க வயல்லதானே தோத்துச்சு.