சலக்கசிவுக்கு லேசர்: சூடு எங்கே படுகிறது?

இருமினால், தும்மினால், நெல்மூட்டையைத் தூக்கினால் கொஞ்சம் சலம் போய்விடுகிறது. களுவாஞ்சிக்குடியானாலும் அக்கரைப்பற்றானாலும் இதை மருத்துவமாதுவிடம் சொல்லவே பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். வெட்டில்லை, தையலில்லை, அன்றே வீடு திரும்பலாம் என்று யாராவது லேசரைப் பற்றிச் சொன்னால் மனம் அங்கே போவது இயல்புதான்.

சிறுநீர்க்குழாய் யோனியின் முன்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. கட்டாந்தரையில் கிடக்கும் தண்ணீர்க்குழாயை மிதித்தால் நீர் நிற்கும். சேற்றில் கிடந்தால் குழாய் அமிழுமே தவிர அடைபடாது. இருமும்போது வயிற்றிலிருந்து வரும் அழுத்தமும் இப்படித்தான். பிள்ளைப்பேற்றாலும் வயதாலும் இடுப்புத்தளத் தசைகளும் இணைப்பு இழையங்களும் தளர்ந்துவிட்டால் குழாய் மூடுவதில்லை.

யோனிச் சுவரில் பாய்ச்சும் லேசர் என்ன செய்கிறது? காபனீரொட்சைட் லேசரின் ஒளி 10,600 நனோமீற்றர் அலைநீளம் கொண்டது. எர்பியம் லேசருடையது 2,940. இரண்டையும் இழையத்திலுள்ள நீர் உடனே உறிஞ்சிச் சூடாகிறது. 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது இழையத்துக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார்கள் சுருங்கும். பிறகு உடல் புதிய கொலாஜனை உண்டாக்கும், சுவர் இறுகும் என்பது கணக்கு. ஆனால் இந்தச் சூடு ஒரு மில்லிமீற்றர் ஆழத்தைத் தாண்டுவதே அரிது. தளர்ந்துபோன தசை அதற்கும் கீழே இருக்கிறது. என் சந்தேகம் முழுவதும் இந்த இடத்தில்தான்.

சுருங்க வைக்கும் சூட்டுக்கும் சுட்டுவிடும் சூட்டுக்கும் இடைவெளி மிகச் சிறியது. மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்து உலர்ந்திருக்கும், புண் ஆறவும் நாளெடுக்கும். தீக்காயம், தழும்பு, உடலுறவின்போது வலி, தீராத வலி ஆகியவை பதிவாகியுள்ளன என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல், இருமும்போது ஏற்படும் இந்தக் கசிவுக்கு லேசரை ஆராய்ச்சிக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொன்னது.

திடீரென முட்டி, கழிப்பறைக்குப் போகுமுன்னே சிந்துவது வேறு வகை. சலத்தில் கிருமித்தொற்று, நீரிழிவு என்று அதற்குக் காரணங்கள் பல. சிறுநீர்ப் பரிசோதனைதான் முதலில் வேண்டும்.

செலவில்லாத வழி இடுப்புத்தளப் பயிற்சி. காற்றுப் போகாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி மேலே இழுத்து, சில நொடி பிடித்து, முழுதாகத் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது. ஒரு தடவைக்கு 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். சரியான தசைதான் இறுகுகிறதா என்று வெல் வுமன் கிளினிக்கிலோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் குறையாவிட்டால் வி.ஓ.ஜி.யை, அதாவது பெண்நோயியல் மருத்துவ நிபுணரைப் பாருங்கள், மற்ற சிகிச்சைகள் இருக்கின்றன.

ஏற்கெனவே லேசர் செய்தவர்களுக்கு இரத்தம், நாற்றமுள்ள வெள்ளை, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த லேசர், எத்தனை தடவை என்று எழுதிய துண்டையும் கொண்டுபோங்கள்.